பொய் ஜன்னல் ஒன்று, திரைச்சீலை உட்பட

முப்பது மாடிக் கட்டடத்துக்கு எத்தனை டன் கம்பி வேண்டும், எத்தனை லாரி கான்கிரீட் வேண்டும் என்று வரைபடத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். பெரிதாகத் தப்பாது. அதற்காகத்தான் அபுதாபியில் ஒரு கட்டுமானக் கம்பெனி மாதாமாதம் எனக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது. எஸ்டிமேஷன் எஞ்சினியர் பத்மநாபன் ஒரு தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதற்கு மேல் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். இந்தப் பெருமையை முதலிலேயே சொல்லி வைத்துவிடுகிறேன். பின்னால் சொல்ல வாய்ப்பு வராது.

என் மனைவி ஷியாமளாவும் மகள் ரக்ஷிதாவும் திருச்சியில் இருந்தார்கள். நான் இங்கே, மூன்று பேர் சேர்ந்து எடுத்த பேச்சிலர் ரூமில். வருஷத்துக்கு ஒரு மாதம் லீவு. இப்படியே ஆறு வருஷம் ஓடிவிட்டது. இரண்டு பெட்ரூம் ஃப்ளாட் எடுக்க வசதி வந்ததும் குடும்பத்தை அழைத்துக்கொள்வது என்பது என் கொள்கை. கொள்கைக்கு ஒரு எக்ஸெல் ஷீட்டும் உண்டு. ஒரு பக்கம் என் சம்பளம், மறுபக்கம் அபுதாபி வாடகை. சம்பளம் மாட்டு வண்டியில் வந்தது, வாடகை ஏரோப்ளேனில் போனது. ஒவ்வொரு டிசம்பரிலும் அந்த ஷீட்டைத் திறந்து பார்த்துவிட்டு, இன்னும் ஒரே ஒரு வருஷம் என்று ஷியாமளாவுக்கு போனில் சொல்வேன்.

2006 அக்டோபரில் அவள் அதற்கு ஒரு முடிவு கட்டினாள்.

"ஏங்க, ஏப்ரல்ல அங்க ஸ்கூல் திறக்கிறாங்களாம். ரக்ஷிதாவுக்கு ஒண்ணாங்கிளாஸ். அங்க சேக்கறதுன்னா சேப்போம். இல்லேன்னா இங்கயே சேத்துட்டு நானும் டீச்சர் வேலைக்குப் போயிடறேன். அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. நீங்க பாட்டுக்கு வருஷத்துக்கு ஒரு தரம் வந்துட்டுப் போங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். மளிகை சாமான் சொல்வது போல நிதானமாகச் சொன்னாள். கடைசியில், பிப்ரவரியில் இருவரும் விசிட் விசாவில் வருவது, இரண்டு மாதம் இருந்து பார்ப்பது, அப்புறம் இருப்பதா போவதா என்று அவள் சொல்வது எனப் பேசி முடித்தோம். முடிவு அவளுடையது. வீடு என் பொறுப்பு.

வீடு தானாக வந்து மாட்டியது. நகரத்துக்குள் எங்கள் கம்பெனி கட்டிக்கொண்டிருந்த ஒரு டவருக்குப் பக்கத்து மனையில் பழைய வில்லா ஒன்று இருந்தது. அபுதாபியில் பழையது என்றால் இருபத்தைந்து வயது. அரபி முதலாளி (இங்கே அர்பாப் என்பார்கள்) வேறு வீட்டுக்குப் போய்விட்டு, இதை அறை அறையாகத் தடுத்துக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். வாடகை வசூலித்துப் பார்த்துக்கொண்டவர் நூஹு, காயல்பட்டினத்துக்காரர். அவரே அந்த வேலைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது என்பதை நான் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை.

"மேல எல்லா ரூமும் ஃபுல்லு சார். பேஸ்மென்ட் ஒண்ணுதான் சும்மா கெடக்கு. பழைய சாமான் போட்டு வச்சிருக்கு. நீங்க ஒங்க செலவுல ரிப்பேர் பண்ணிக்கிட்டா, வாடகையப் பாதியாக் கொறச்சுத் தரச் சொல்லி அர்பாப்கிட்ட பேசுதேன்."

பாதி வாடகை என்றதும் என் காதில் நாதஸ்வரம் கேட்டது. படியிறங்கிப் போய்ப் பார்த்தேன். நீளமான ஒரு கூடம், மூலையில் ஒரு பாத்ரூம், சமையலுக்கு ஒதுக்கலாம் போல ஓர் இடம். கூரையை ஒட்டி, முழம் அகலத்தில் இரண்டு வென்டிலேட்டர்கள். அதன் வழியே வெளியே போகிறவர்களின் செருப்பு தெரிந்தது. சுவரில் முழங்கால் உயரம் வரை மங்கலான ஒரு நிறம், அதற்கு மேல் வேறு நிறம், நடுவே வெள்ளையாக ஒரு கோடு. அந்தக் காலத்து ஆட்களுக்கு இரட்டை வர்ணத்தில் பெயின்ட் அடிக்கும் ரசனை இருந்திருக்கிறது என்று வியந்தேன். தரையைச் சாவியால் சுரண்டிப் பார்த்தேன். எலும்பு போலக் காய்ந்திருந்தது.

"ஒரு சொட்டுத் தண்ணி இருக்கா பாருங்க. மாஃபி!" என்று அரபியில் இல்லை சொல்லிக் கையை விரித்தார் நூஹு.

பக்கத்து மனையிலிருந்து எங்கள் கம்பெனியின் பம்பு ஓடும் சத்தம் விடாமல் கேட்டது. இந்தச் சத்தத்தில் ரக்ஷிதா தூங்குவாளா என்று மட்டும் யோசித்தேன்.

அன்றே எஸ்டிமேட் போட உட்கார்ந்தேன். ஒரு பேஸ்மென்டைச் சரிசெய்ய மனிதர்கள் ஒரு துண்டுச் சீட்டில் கூட்டிப் பார்ப்பார்கள். நான் நான்கு பக்கம் எழுதினேன். இடிப்பு வேலை, மின்சார வேலை, குழாய் வேலை, பூச்சு வேலை, ஒவ்வொன்றுக்கும் அளவு, விலை, தொகை. எதிர்பாராத செலவுக்குப் பத்து சதவீதம். ஆபீஸ் பழக்கத்தில் சைட் ஆபீசுக்கும் வாட்ச்மேனுக்கும்கூட ஒரு தொகை போட்டுவிட்டு, பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு அடித்தேன். மொத்தம் இருபத்தாறாயிரம் திர்ஹம் வந்தது. கையில் இருந்தது பதினைந்து.

இந்த இடத்தில்தான் என் திறமை முழுவதும் வெளிப்பட்டது. செலவைக் குறைப்பதில் நான் சூரன். பட்டியலில் எது பெரிய தொகை என்று பார்த்தேன். தரைக்கும் சுவருக்கும் வாட்டர்ப்ரூஃபிங், ஒன்பதாயிரம். பாலைவனத்தில் வருஷத்துக்கு மூன்று நாள் மழை பெய்கிறது, அதற்கு ஒன்பதாயிரமா என்று ஒரே கோடாக இழுத்துவிட்டேன். மிச்சத்தை இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் கிள்ளியதும் கணக்கு பதினைந்தாயிரத்துக்குள் அடங்கியது. அடங்கியதோடு நில்லாமல் ஐந்நூறு மிஞ்சியது.

அந்த ஐந்நூறுக்கு ஷியாமளாவே வழி காட்டினாள்.

"ஜன்னல் இருக்கா?" என்று போனில் கேட்டாள்.

"இருக்கே."

"பெருசா?"

"ம்ம். திரையெல்லாம் போட்டுத் தரேன்."

போனை வைத்ததும் எஸ்டிமேட்டின் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: பொய் ஜன்னல் ஒன்று, திரைச்சீலை உட்பட. சுவரில் மரச்சட்டம் அடித்து, உள்ளே ஏரியும் பனிமலையுமாக ஒரு பெரிய போஸ்டரை ஒட்டி, பின்னால் ட்யூப்லைட் போட்டு, முன்னால் திரை தொங்கவிடுவது என்பது திட்டம். தனி வாசல் உண்டு என்றும் அவளிடம் சொல்லியிருந்தேன். அதில் பொய்யே இல்லை. வாசலைத் தாண்டினால் மேலே போவோமா கீழே போவோமா என்று அவள் கேட்கவில்லை.

வேலைக்கு ஐயப்பன் வந்தான். முசஃபாவில் ஒரு தச்சுப்பட்டறையில் இருப்பவன், ராமநாதபுரம் பக்கம். எதைச் சொன்னாலும், "செஞ்சிரலாம் சார்" என்பான். தாழ்வான கூரைக்கு அடியில் ஃபால்ஸ் சீலிங் போடலாமா என்றேன். செஞ்சிரலாம் சார். தரைக்கு மரம் மாதிரி ஒட்டுப்பலகை? செஞ்சிரலாம் சார். நடுவில் ஒரு விமானத்தை நிறுத்தச் சொல்லியிருந்தாலும் அளவெடுத்திருப்பான். சீலிங் முடிந்த பிறகு நான் கையைத் தூக்கிச் சோம்பல் முறித்தால் விரல் விளக்கில் இடித்தது. இருந்தாலும் வெளிச்சத்தில் அந்த இடம் ஒரு சின்ன நகைக்கடை போல இருந்தது. எனக்குக் கர்வம் தாங்கவில்லை.

ஜனவரியில் ஒரு நாள் மழை கொட்டித் தீர்த்தது. ரோடெல்லாம் குளம். ஆபீஸிலிருந்து ஓடி வந்து பேஸ்மென்டைத் திறந்து பார்த்தேன். ஈரத்தின் வாசனைகூட இல்லை. ஒன்பதாயிரத்தை மிச்சப்படுத்திய மகானுக்கு நானே மனதுக்குள் ஒரு மாலை போட்டேன்.

பிப்ரவரி முதல் வாரத்தில் இருவரும் வந்தார்கள். ரக்ஷிதாவைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கியபோது பின்னாலிருந்து ஷியாமளா கேட்டாள்.

"எங்கங்க இறங்கிட்டே இருக்கோம்?"

"நம்ம வீட்டுக்குத்தான்."

உள்ளே வந்து, விளக்குகளைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், தலைக்கு மேல் கை வைத்துப் பார்த்தாள். நேராகப் போய்த் திரையை விலக்கினாள். ஏரியும் பனிமலையும் ட்யூப்லைட்டில் பளபளத்தன. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சட்டத்தின் ஓரத்தில் இருந்த சுவிட்சைத் தட்டி அணைத்தாள்.

"ரக்ஷிதா, அங்க ராத்திரியாயிடுச்சு. வா, நாம சாப்பிடுவோம்" என்றாள்.

அவ்வளவுதான். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். அடுத்த ஐந்து வாரமும் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து நான் குறி பார்த்துக்கொண்டிருந்தேன். டெண்டர் போட்டுவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்து பழகியவன்தான். ஆனால் டெண்டர் திறக்கிறவர்கள் எனக்கு ரசம் ஊற்றியதில்லை. அவள் கொஞ்சம் சிரித்தால் இருந்துவிடுவாள் என்று தோன்றும். வென்டிலேட்டரில் போகும் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றால் போய்விடுவாள் என்று தோன்றும். மேலே முதல் மாடியில் இருந்த அஸ்மத் பீவியோடு நல்ல பழக்கமாகிவிட்டாள். நாகூர்க்காரர். கணவர் ஜெபல் அலியில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். அஸ்மத் பீவியோடு சேர்ந்து ஷியாமளா எங்கெங்கோ போய்விட்டு வருவாள். எங்கே என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

வீட்டில் கெட்டிக்காரத்தனம் செல்லுபடியாகாதபோது ஆபீஸில் காட்டுவது ஆண்பிள்ளை வழக்கம். மார்ச் தொடக்கத்தில், எல்லா சைட்டிலும் செலவைக் குறைக்க வழி சொல்லுங்கள் என்று எங்கள் லெபனான்காரப் புராஜெக்ட் மேனேஜர் கேட்டார். நான் அந்தப் பக்கத்து டவரின் கணக்கைப் பிரித்து மேய்ந்தேன். ஒன்றரை வருஷமாக இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்த பம்புக்கு ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. எட்டாவது மாடி வரை ஓட்டுவதாகத் திட்டம். ஆனால் ஐந்தாவது மாடி வந்துவிட்டாலே நிறுத்திக்கொள்ளலாம் என்று டிசைன் செய்தவர்களின் குறிப்பில் ஓர் ஓரத்தில் இருந்தது. யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். கம்பெனிக்கு ஒரு லட்சம் திர்ஹம் மிச்சம். மேனேஜர் எழுந்து வந்து கை குலுக்கினார். கேக் வாங்கி வரச் சொல்லி, எல்லோரையும் கூப்பிட்டுக் கை தட்டச் சொன்னார். கேக்கில் ஒரு துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஏன் கிடைத்தது என்பதைச் சற்று விரிவாகவே விளக்கினேன். ஷியாமளா, "க்ரீம் ஜாஸ்தி" என்றாள்.

அந்த வார வெள்ளிக்கிழமை காலை. ஷியாமளா இட்லி ஊற்றி வைத்துவிட்டு என்னை எழுப்பினாள்.

"ஏங்க, தரை என்னமோ பொதபொதன்னு இருக்கு."

பார்த்தேன். மரம் மாதிரி ஒட்டியிருந்த பலகைகள் பொரித்த அப்பளம் போல மேலெழும்பியிருந்தன. இடுக்குகளில் தண்ணீர் மினுங்கியது. பாத்ரூம் குழாய் கசிகிறது என்று அடித்துச் சொன்னேன். ஓடிப் போய் மெயின் வால்வை மூடினேன். தண்ணீர் நிற்கவில்லை. கணுக்காலைத் தொட்டது. ரக்ஷிதாவைத் தூக்கி மேசை மேல் உட்கார வைத்தோம். ஏ.சி. தண்ணீரோ என்று அதையும் அணைத்தேன். கடைசியில் குனிந்து, விரலை நனைத்து வாயில் வைத்துப் பார்த்தேன்.

"என்னங்க டேஸ்ட் பாக்கறீங்க? சாம்பாரா அது?"

உப்பு. நல்ல உப்பு. அந்தக் கணத்தில்தான் வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பதைக் கவனித்தேன். பம்புச் சத்தம் இல்லை. புதன்கிழமையே பம்பைக் கழற்றி ஜெபல் அலி சைட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அபுதாபி நகரம் ஒரு தீவு. ஓர் ஆள் ஆழம் தோண்டினால் உப்புத் தண்ணீர் ஊறும். அதனால்தான் எந்தக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் போட்டாலும், கீழிருந்து தள்ளும் தண்ணீரை அமுக்கும் அளவுக்கு மாடிகளின் எடை ஏறும்வரை, பக்கத்தில் பம்பு வைத்து இறைத்துக்கொண்டே இருப்பார்கள். நான் எழுதிய எல்லா எஸ்டிமேட்டிலும் அந்தச் செலவுக்கு ஒரு வரி உண்டு. கம்பெனியின் குழியில் தண்ணீர் இறங்கும்போது அக்கம்பக்கத்து நிலத்திலும் சேர்ந்தே இறங்கும். அப்படித்தான் இந்த வில்லாவின் பேஸ்மென்ட் ஒன்றரை வருஷமாகக் காய்ந்து கிடந்திருக்கிறது. சுவரில் நான் வியந்த வெள்ளைக் கோடு ரசனை இல்லை, பழைய தண்ணீர் விட்டுப் போன உப்பு. என் வீட்டுத் தரையைக் காய வைத்துக்கொண்டிருந்தது எங்கள் கம்பெனி. அதை நிறுத்த வழி சொல்லிக் கேக் தின்றவன் நான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் கம்பெனிச் செலவை மிச்சப்படுத்தி வைத்துக்கொண்டேன்.

நூஹு வந்து படியில் நின்று பார்த்து, "அல்லாவே!" என்று தலையில் கை வைத்தார். அஸ்மத் பீவி இறங்கி வந்து ரக்ஷிதாவைத் தூக்கிக்கொண்டார். "தங்கச்சி, சாமான அப்பறம் பாத்துக்கலாம், நீ மேல வா" என்று ஷியாமளாவையும் தன் ரூமுக்கு அழைத்துப் போனார். நான் என் பழைய பேச்சிலர் ரூமுக்குப் போய்ப் படுத்தேன். அவள் போய்விடப் போகிறாள் என்பது உறுதியாகிவிட்டது. எட்டு வருஷத்துக்கு முன்னால் தாலி கட்டியவளை, தரை கட்டத் தெரியாமல் இழக்கப் போகிறேன் என்று நினைக்கும்போது வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் திறந்ததும் மேனேஜரிடம் போய், பம்பை இரண்டு மாதத்துக்குத் திரும்ப ஓட்ட முடியுமா என்று கேட்டேன். எதற்கு என்றார். பக்கத்து வில்லாவில் தண்ணீர் ஏறிவிட்டது என்றேன். அந்த வில்லாவில் இருப்பது நான்தான் என்பதையும் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எழுதிக் கொடு, பார்க்கலாம்" என்றார்.

உருக்கமாக எழுதிக் கொடுத்தேன். குடும்பம், குழந்தை, உப்புத் தண்ணீர் எல்லாம் இருந்தது. எங்கள் கம்பெனியில் ஒரு விதி உண்டு. யார் புதுச் செலவு கேட்டாலும், மேனேஜர் முடிவெடுக்கும் முன் அந்தக் காகிதம் எஸ்டிமேஷன் பிரிவின் கருத்துக்குப் போக வேண்டும். திங்கட்கிழமை காலை என் மேசையில் என் விண்ணப்பம் இருந்தது. மேலே மேனேஜரின் கையெழுத்தில், 'மிஸ்டர் பத்மநாபன், உங்கள் கருத்து?'

கருத்துதானே, நாலு வரி சாதகமாக எழுதினால் யார் கேட்கப் போகிறார்கள்? பேனாவைத் திறந்தேன். பம்பு வாடகை, டீசல், ஆள்கூலி, ஜெபல் அலியிலிருந்து திரும்பக் கொண்டுவரும் லாரிச் செலவு எல்லாவற்றையும் கூட்டினேன். எழுபதாயிரத்தைத் தாண்டியது. வேறு யாராவது இதைக் கேட்டிருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். கை அதையே எழுதியது. 'அந்த பேஸ்மென்டுக்கு வாட்டர்ப்ரூஃபிங் செய்யப்படவில்லை. தண்ணீர் ஏறுவது அதன் இயல்பு. குடியிருப்பவர் முன்கூட்டியே விசாரித்திருக்க வேண்டும். செலவு பரிந்துரைக்கப்படவில்லை.' கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அரை மணியில் நிராகரிக்கப்பட்டுத் திரும்பி வந்தது. அந்தக் கம்பெனியில் என் வார்த்தைக்கு அவ்வளவு மதிப்பு.

மத்தியானம் டிராவல்ஸ் ஆபீசுக்குப் போய் அவர்கள் இருவரின் ரிட்டர்ன் டிக்கெட்டை வியாழக்கிழமைக்கு மாற்றினேன். பொறுப்புள்ள மனிதன் செய்யும் காரியம் என்று அப்போது தோன்றியது.

சாயங்காலம் வில்லாவுக்குப் போனபோது ஷியாமளா முற்றத்துக் கொடியில் நனைந்த துணிகளை உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர் எப்படி வந்தது என்பதை அவளிடம் அதுவரை நான் சொல்லியிருக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பம்பு, லட்சம், கேக், விண்ணப்பம், கருத்து. கேக் வரும்வரை பொறுமையாகக் கேட்டாள். விண்ணப்பம் என் மேசைக்கே வந்தது என்றதும் அவள் உதடு துடித்தது. நானே மறுத்தேன் என்றதும் கையில் இருந்த துணியோடு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து, "டிக்கெட்ட மாத்திட்டேன். வியாழக்கிழமை ஃப்ளைட்" என்றேன்.

"யாரக் கேட்டு மாத்துனீங்க?"

"இங்க எங்க இருப்பீங்க? ஊர்ல போய் நிம்மதியா இருங்க. அடுத்த வருஷம் எனக்கு இன்க்ரிமென்ட்..."

"ரக்ஷிதாவுக்கு சீட் கிடைச்சாச்சு."

எந்த சீட் என்று கேட்டேன்.

"போன புதன்கிழமையே கிடைச்சாச்சு. அஸ்மத் அக்காதான் கூட வந்து ஸ்கூல் ஸ்கூலா ஏறி இறங்குனாங்க. வெள்ளிக்கிழமை இட்லி சாப்பிடறப்ப உங்ககிட்ட சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள உங்க தண்ணி வந்துடுச்சு."

"அந்த பேஸ்மென்ட்லயா இருக்கறதுன்னு முடிவு பண்ணினே?"

"அது கேவலமாத்தான் இருந்துச்சு. அதுக்கும் இதுக்கும் என்ன சம்மந்தம்?" துணியை உதறிவிட்டு எழுந்தாள். "நான் வீட்டப் பாக்க வந்தேன்னு நினைச்சீங்களா? தினம் பொழுது சாஞ்சா நீங்க வீட்டுக்கு வர்றீங்க. உங்க செருப்பு வாசல்ல கிடக்குது. அது எனக்குப் போதுமான்னு பாக்க வந்தேன். போதும்."

அவளே தொடர்ந்து சொன்னாள். மேலே அஸ்மத் பீவிக்கு அடுத்த ரூமில் இருந்த கௌஸ் முகம்மது குடும்பம் முசஃபாவுக்கு மாறிப் போகிறதாம். ரூம் காலியாகிறதாம். நூஹுவிடம் அவளே பேசி முடித்துவிட்டாளாம்.

"ஒரே ரூமா? மூணு பேருக்கா? உங்க அண்ணன் வந்து பாத்தா என்ன நினைப்பாரு?"

"அண்ணனா என்கூட குடித்தனம் பண்றாரு? ஒரு ரூம் போதும்னு நான் முதல் வருஷமே சொன்னேன். நீங்கதான் ரெண்டு பெட்ரூம் இல்லாம கூப்பிட மாட்டேன்னீங்க. உழுறவன் கணக்குப் பாத்தா உழக்குகூட மிஞ்சாதும்பாங்க. நமக்கு ஆறு வருஷம் மிஞ்சலை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. முற்றத்தில் நாலு பேர் நடமாடும் நேரம். காயப்போட்டிருந்த ஈரப் புடவைக்குப் பின்னால் போய் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன். ஆறு என்ற எண்ணை அந்த ஷீட்டில் எத்தனையோ தடவை அடித்திருக்கிறேன். அது எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் டிக்கெட்டைத் திரும்ப மாற்றி, பிறகு ரத்து செய்தேன். இரண்டுக்கும் தண்டம் கட்டினேன். ரூம் வாடகைக்கு எஸ்டிமேட் எதுவும் போடவில்லை. போட விடவில்லை என்பது சரியான வாக்கியம்.

அடுத்த வெள்ளிக்கிழமை மேலே குடிபோனோம். தண்ணீருக்குத் தப்பிய சாமான்களை வைத்ததும் ரூம் நிறைந்துவிட்டது. ஒரு கட்டில், ஓர் அடுப்பு மேடை, நடக்க ஒற்றையடிப் பாதை. சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டு மத்தியானம் மூவரும் படுத்தோம். அம்மாவும் பெண்ணும் கட்டிலில், நான் கீழே பாயில். ஷியாமளா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரக்ஷிதா கட்டில் ஓரத்துக்கு நகர்ந்து வந்து என்னை எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, உங்க லீவு எப்ப முடியுது?"

"எனக்கு லீவு இல்லையேம்மா. தினமும் டூட்டிக்குப் போறேன்ல?"

"அது இல்லப்பா. நீங்க எங்ககூட இருந்தா அது லீவுதானே? முடிஞ்சா அபுதாபிக்குப் போயிடுவீங்க. இப்ப நாம அபுதாபிலதான் இருக்கோம். அப்ப லீவு முடிஞ்சா எங்க போவீங்க?"

கட்டிலில் ஷியாமளா அசையவில்லை. தூங்கவும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

"எங்கயும் போக மாட்டேன்" என்றேன்.

"நாளைக்கு?"

"நாளைக்கும்."

"ஸ்கூல் திறந்தா?"

"திறந்தாலும் இங்கதான்."

ரக்ஷிதா தன் தலையணையை இழுத்துக்கொண்டு கட்டிலிலிருந்து இறங்கி வந்து, பாயில் என் பக்கத்தில் போட்டுப் படுத்துக்கொண்டாள்.